தட்டு வைத்தாயிற்று, இனி?

"ராத்திரி ஏழு மணியானா டைம் பாத்த மாதிரி வந்து நிக்குதுண்ணா. சோறு வெக்கலைன்னா கத்துது. வெச்சா தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடுது. வீட்டுல சேத்துக்கலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

பாலக்கோடு சாலையில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்துத் தங்கச்சி கேட்டது இது. ஓய்வு பெறும்வரை கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான். அதனால் ஆடு கழிந்தாலும் மாடு தீனி எடுக்காவிட்டாலும் அக்கம்பக்கத்தில் பலர் எங்கள் திண்ணையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்கள். பூனைக்காக வருகிறவர்கள் இப்போதுதான் கூடிவருகிறார்கள். அன்றைக்குப் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அவர் வீட்டு நிலவரம் இது. வீட்டை ஒட்டிப் புழு வளர்ப்பு மனை. முற்றத்தில் நாட்டுக்கோழி, குஞ்சுகளோடு. மாமியாருக்கு வீசிங். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வரவிருக்கும் மகள். ஒரு பூனையை உள்ளே விடும் முன்னால் யோசிக்க வேண்டிய அத்தனையும் அந்த ஒரே வீட்டில் இருந்தது.

நான் முதலில் சொன்னது இதுதான்: "நீங்க தட்டு வெக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சும்மா. பூனையைப் பொறுத்தவரை அது உங்க வீட்டுப் பூனை ஆயிடுச்சு. சேத்துக்கறதா வேணாமாங்கறது பாதி முடிஞ்ச விஷயம். அதுக்கு ஒரு ஆபரேஷனும் ஒரு ஊசியும் போட உங்களால முடியுமா? அதை மட்டும் இன்னிக்கு யோசிங்க." முடியும் என்றால் அந்தப் பூனை கட்டிலில் படுத்தாலும் சரி, திண்ணையோடு நின்றாலும் சரி, அது ஒழுங்காக வாழும். முடியாது என்றால், தினமும் வைக்கும் சோறு இன்னும் சில மாதத்தில் நாலு குட்டியாகத் திரும்பி வரும்; அந்தக் குட்டிகளுக்கு யாரும் பொறுப்பில்லை. வருகிற பூனையைச் சேர்ப்பதா என்ற கேள்வியில் எனக்கு வேறு எதுவும் இதைவிடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அது யாருடைய பூனை என்று பார்க்க வேண்டும்.

கிராமத்துப் பூனைக்குக் கழுத்துப்பட்டை கட்டும் வழக்கம் நம்மிடம் குறைவு. அதனால் பட்டை இல்லாத பூனையெல்லாம் அநாதைப் பூனை ஆகிவிடாது. ரோமம் பளபளவென்று இருந்து, விலா எலும்பு தெரியாமல், பகல் வெளிச்சத்தில் நேராக வந்து முகத்தைப் பார்த்துக் கத்துகிற பூனை அனேகமாக மனிதரோடு வளர்ந்தது. மூன்று வீட்டில் மூன்று பெயரோடு சாப்பிடும் பூனைகள் ஊருக்கு ஊர் உண்டு. சத்தமே இல்லாமல், உடலைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, ஆள் நகர்ந்த பிறகுதான் தட்டருகே வரும் என்றால் அது மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை. குட்டிகள் மனிதரோடு பழகும் வயது மிகக் குறுகியது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை, அதிகம் போனால் ஒன்பதாவது வாரம். அந்த வாரங்கள் கையைவிட்டுப் போனால், வளர்ந்த பிறகு மடியில் உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட பூனைக்கு நாலு சுவருக்குள் இருப்பது தண்டனை. அதற்கும் சோறு வைக்கலாம், ஊசி போடலாம், ஆபரேஷன் செய்யலாம். வீட்டுக்குள் அடைக்க மட்டும் கூடாது.

யாருடையது என்று அறிய இங்கிலாந்தில் விலங்கு நலச் சங்கங்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கின்றன. நீளமாக ஒரு காகிதத் துண்டு வெட்டி, 'இது உங்கள் பூனையா? தயவுசெய்து அழையுங்கள்' என்று எழுதி, ஃபோன் நம்பரையும் போட்டு, பூனையின் கழுத்தில் தளர்வாகச் சுற்றி, நுனியை டேப்பால் ஒட்டிவிடுவார்கள். காகிதம் என்பதால் எங்காவது மாட்டினாலும் கிழிந்துவிடும், கழுத்தை இறுக்காது. ஒரு வாரம் கழித்தும் யாரும் கூப்பிடவில்லை, காகிதம் அப்படியே இருக்கிறது என்றால் ஓரளவு தெளிவு கிடைத்துவிடும். நம்மூரில் இதோடு பால் ஊற்றும் பையனிடமும் மளிகைக் கடையிலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

லண்டனில் ஜேம்ஸ் போவன் என்பவர் 2007இல் செய்ததும் இதே வரிசையில்தான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த, தெருவில் கிடார் வாசித்துப் பிழைத்த மனிதர் அவர். குடியிருப்பின் நடையில் காலில் புண்ணோடு ஒரு செம்பழுப்புப் பூனை படுத்திருந்தது. யாருடையது என்று அக்கம்பக்கம் விசாரித்தார். யாரும் உரிமை கோரவில்லை என்று தெரிந்த பிறகு தன் கையிருப்பைச் செலவழித்து மருத்துவம் பார்த்தார். புண் ஆறியதும் வெளியே விட்டார், அது போகவில்லை. பாப் என்ற அந்தப் பூனை பின்னால் புத்தகமாகி, சினிமாவாகி, 2020இல் இறந்தது. காசில்லாதவர் பூனை வளர்க்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன்.

இன்னொரு விஷயம் தருமபுரிக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. வருவது வீட்டுப் பூனைதானா? பென்னாகரம், ஒகேனக்கல் பக்கமெல்லாம் காடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காட்டுப்பகுதியைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுப்பூனை அங்கே மட்டும் இருப்பதில்லை, கரும்புக் கொல்லையிலும் புதரிலும் இருக்கும். வீட்டுப் பூனையைவிடக் கால் நீளம், வால் குட்டை, வால் நுனிப் பக்கம் கறுப்பு வளையம், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி, மணல் நிறத்தில் புள்ளியில்லாத உடம்பு. வளர்ந்ததை அடையாளம் காண்பது சுலபம். குட்டியில்தான் சிக்கல், அதற்குக் கோடுகள் இருக்கும், சாதாரணப் பூனைக்குட்டி போலவே தெரியும். கரும்பு வெட்டும்போது சருகுக்குள் கிடைக்கும் குட்டியைப் பாவம் என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தாய் அன்றிரவே தேடி வரும். குட்டியை அதே இடத்தில் விட்டு ஆட்கள் விலகினால் கவ்விக்கொண்டு போய்விடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். சந்தேகம் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தங்கச்சி வீட்டுப் பூனையை மறுநாள் மாலை போய்ப் பார்த்தேன். வெள்ளையில் கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாக இருந்தது. மூன்று நிறப் பூனை என்றால் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு பெட்டைதான். செம்பழுப்புக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செம்பழுப்பும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். கன்னம் அகன்று, தலை உருண்டையாக இருந்தால் அது முற்றிய கடுவன். இவள் ஒல்லி. வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியை லேசாக வளைத்துக்கொண்டு வந்தாள். அது பூனையின் வணக்கம். வாசல் நிலைப்படியில் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசினாள்.

நான் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். இது எல்லாரும் பார்க்க வேண்டிய இடம். பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் காம்பைச் சுற்றி முடி விலகி வட்டமாகத் தோல் தெரியும், காம்பு சிவந்து நீண்டிருக்கும். அப்படி இருக்கும் பூனையை அன்றே பிடித்து உள்ளே பூட்டினால், எங்கோ ஒரு வைக்கோல் போரிலோ பரணிலோ அதன் குட்டிகள் பசியில் செத்துவிடும். சினையாக இருந்தால் வேறு கணக்கு. டாக்டர் பார்த்துச் சொல்வார். இவளுக்கு இரண்டும் இல்லை. பல்லைப் பார்த்தால் எல்லாம் நிரந்தரப் பல். நிரந்தரப் பல் மூன்றரை, நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கி ஆறு மாத வாக்கில் நிரம்பும். ஆக, ஆறு மாதத்தைத் தாண்டியவள். நேரம் அதிகம் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

ஏன் நேரமில்லை? பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பார்வைக்கு அதுவே இன்னும் குட்டியாக இருக்கும்போதே குட்டி சுமக்கும். சினைக்காலம் ஒன்பது வாரம். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி சாதாரணம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கவும் பிடிக்கும். கடுவனோடு சேர்ந்த பிறகுதான் பூனைக்குக் கருமுட்டை வெளிவரும் என்பதால் சேர்க்கை வீணாவது குறைவு. குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவது நின்றுபோகும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரி வடக்கில் இருக்கிறோம். மார்கழியிலும் நமக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வெயில் உண்டு. இங்கே பூனைக்கு ஓய்வு மாதம் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு ஈற்று சர்வசாதாரணம், மூன்றும் நடக்கும்.

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். கடுவனுக்கும் நாய்க்கும் மனிதக் கைக்கும் பயந்து, ஓரிடத்தில் வாசனை ஏறியதும் தாய் அடுத்த இடத்துக்குக் கவ்விக்கொண்டு போகும். அந்த ஏழு வீட்டில் எத்தனை குட்டி மிஞ்சுகிறது என்பதை நான் வேலையில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு வரும் பார்வோ போலவே பூனைக்கு பேன்லூக்கோபீனியா என்று ஒரு நோய் உண்டு. வாந்தி, கழிச்சல், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தக் கிருமி தரையிலும் சாக்கிலும் ஒரு வருஷம்வரை உயிரோடு கிடக்கும். ஒரு ஈற்று செத்த மூலையில் அடுத்த ஈற்றும் சாகும். இதற்கு நடுவே தப்பிய ஒன்றிரண்டு பெட்டைகள் அடுத்த ஆறு மாதத்தில் தாங்களே தாயாகும். சோறு போட்டவர் பாசத்தோடுதான் போட்டார். ஆனாலும் பாசத்தின் பேரில் நடப்பது இதுதான்.

கருத்தடை ஆபரேஷன் இந்தச் சங்கிலியை ஒரே நாளில் வெட்டிவிடும். பெட்டைக்குச் சினைப்பையையும் கருப்பையையும் எடுப்பார்கள். கடுவனுக்கு விதை நீக்கம், அது இன்னும் சின்ன வேலை. ஆபரேஷன் ஆன கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுவதும், இரவெல்லாம் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதும் பெரிதும் குறையும். பெட்டைக்கு இரவுக் கதறல் நிற்கும், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள். அதில் உண்மையே இல்லை. பருவத்துக்கு வராமல் தடுக்க மாத்திரை, ஹார்மோன் ஊசி என்று சிலர் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. வேண்டாம். அதனால்தான் பல பூனைகளுக்குக் கருப்பையில் சீழும் மடியில் கட்டியும் வருகின்றன.

எங்கே செய்வது? முதலில் தருமபுரி அரசு கால்நடை மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். அங்கே ஆகாது என்றால் சேலத்தில் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. அதையும் தாண்டி நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாய், பூனைகளுக்கான சிகிச்சைப் பிரிவு அங்கே உண்டு. வெளியே திரியும் பூனை என்றால், மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிதளவு நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். பல நாடுகளில் இதுதான் அடையாளம். ஆபரேஷன் ஆன பூனையை யாரும் மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள்.

"அதெல்லாம் சரிண்ணா, அதைப் புடிச்சு எப்படிக் கொண்டுபோறது? சாக்குல கட்டித்தான் போவணும்" என்றார் தங்கச்சி. சாக்கு வேண்டவே வேண்டாம். வெயிலில் பைக்கில் போகும்போது சாக்குக்குள் பூனைக்கு மூச்சு முட்டும், உடல் சூடு ஏறும், பயத்தில் கடிக்கும். பாலக்கோட்டில் தக்காளி வராத வீடு ஏது? தக்காளி கிரேடு இரண்டை எடுத்து, ஒன்றின் வாய் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் காற்றோட்டமான கூண்டு தயார். அடியில் பழைய துணி. மேலே ஒரு துண்டு போட்டு மூடினால் இருட்டில் பூனை அமைதியாகும். பயணத்துக்குச் சில நாள் முன்னாலிருந்தே தட்டைக் கீழ்க் கிரேடுக்குள் வைத்துப் பழக்குங்கள். அன்றைக்குத் துரத்திப் பிடிக்கும் வேலை இருக்காது.

இனி ஊசி. பூனையாலும் வெறிநோய் வரும். நாயை விட்டு ஒதுங்கி நிற்கும் நம் ஆட்கள் பூனை கீறினால் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெறிநோய் வந்த பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கும், குரல் மாறும், எச்சில் ஒழுகும், தள்ளாடும். அதுவரை மிரண்டு ஓடிய பூனை திடீரென்று மேலே வந்து விழுந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பூனை கடித்தாலோ, தோல் கீறும்படி பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் என்பது நினைப்பதைவிட நீளம்; கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3ஆம், 7ஆம், 28ஆம் நாட்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். பூனைக்கோ மூன்று மாத வயதுக்கு மேல் ஒரு வெறிநோய் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் பூஸ்டர். பேன்லூக்கோபீனியா உள்ளிட்டவற்றுக்குத் தனியாக இன்னொரு தடுப்பூசி இருக்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது டீக்கு அவர் கேட்டது மகளைப் பற்றி. "புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுல பூனை ஆவாதுன்னு எங்க மாமியார் ஒரே புடியா நிக்கறாங்க."

மாமியார் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரும். கர்ப்ப காலத்தில் முதல்முறையாக அது தாய்க்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். ஆனால் அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் தடுக்கலாம். பூனை வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே தடவை, முதல் தொற்றின்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் அந்த ஒட்டுண்ணியின் முட்டைகளை வெளியேற்றும். வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஆகவே மலத்தைத் தினமும் அன்றன்றே வேறு ஒருவர் அள்ளிப் புதைத்துவிட்டால் பூனை வழியாக வரும் ஆபத்து மிகச் சிறிது. தடவுவதால், பக்கத்தில் உட்காருவதால் வருவதில்லை. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் மண்ணளைந்த கையும்தான் பெரிய வழிகள். மகள் தோட்ட வேலை செய்தால் கையுறை போடட்டும், கறியை நன்றாக வேகவிடுங்கள், தொற்று முன்பே வந்துபோனதா என்று பரிசோதனை உண்டா எனப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

மாமியாரின் வீசிங்தான் எனக்கு உண்மையான தடை. பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா என்ற பேச்சு தவறு. ஆனால் பூனையின் எச்சிலிலும் தோலிலும் ஒரு புரதம் இருக்கிறது, நக்கி நக்கி உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது, காய்ந்ததும் தூசியாகப் பறக்கிறது. ஒத்துக்கொள்ளாதவருக்கு மூச்சிழுப்பு கூடும். பூனையைக் குளிப்பாட்டிச் சரிசெய்ய முடியாது. அந்த வீட்டில் பூனை உள்ளே வரக் கூடாது, படுக்கை அறைக்குக் கண்டிப்பாகக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு மனுஷியின் மூச்சைவிடப் பூனைக்கு மெத்தை முக்கியமில்லை. பிறக்கப்போகும் குழந்தையின் தொட்டிலுக்கும் அதே விதி.

கோழிக்குஞ்சு விஷயம் புதிதல்ல. மாலையில் வேலியோரம் வெருகுப் பூனையைக் கண்டு பெட்டைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியைக் குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். பூனைக்கு வயிறு நிறைந்திருந்தாலும் ஓடுகிற சின்ன உயிரைப் பிடிக்கும் குணம் போகாது. இறைச்சிச் சத்து அதிகமுள்ள தீனி கொடுத்தால் வேட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ஆய்வு காட்டியது, முழுக்க நிற்கவில்லை. குஞ்சு கைக்கோழியாகும்வரை பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும். பெரிய கோழியிடம் பூனை பெரும்பாலும் வாலாட்டாது.

பூனை வந்தால் எலித் தொல்லை தீரும் என்பதுதான் அவர் கணவரின் கணக்கு. பூனைக்கும் மனிதனுக்கும் உறவே எலியால்தான் வந்தது என்பது மெய்தான். மேற்கு ஆசியாவில் தானியம் சேர்த்து வைத்த ஊர்களுக்கு எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டில் திரிந்த பூனை வந்தது, யாரும் பிடித்துக் கட்டாமலே தங்கியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய குழியொன்றில் மனிதருக்கு அருகில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இருந்ததில்லை. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனாலும் நம்பிக்கையைக் கொஞ்சம் அளவோடு வைக்க வேண்டும். நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் கேமரா வைத்து 79 நாள் கவனித்து 2018இல் வெளியிட்டார்கள்; பூனைகள் பிடித்துக் கொன்றது இரண்டே எலி. பெரிய எலியைப் பூனை தவிர்க்கிறது. எலி பூனை வாசனைக்கு ஒளிந்துகொள்கிறது. சுண்டெலி, குட்டி எலி குறையும். பெருச்சாளி குறையாது.

இதோடு கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டியது: பூனையும் எலி மருந்தும் ஒரே வளாகத்தில் இருக்க முடியாது. கடையில் விற்கும் எலிக் கேக் ரத்தம் உறைவதைக் கெடுக்கும் மருந்து. அதைத் தின்ற எலி உடனே சாகாது, மந்தமாக நடமாடும், அதைத்தான் பூனை சுலபமாகப் பிடிக்கும். சில நாள் கழித்துப் பூனைக்கு ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

புழு மனைக்குள் பூனை நுழையவே கூடாது. எலி பட்டுப்புழுவைத் தின்னும், கூட்டைக் கடிக்கும் என்பதால் பூனையை இரவு உள்ளே பூட்டிவைக்கலாமா என்று கேட்டார்கள். பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான். பூனைக்கு உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பிடரியில் விடும் மருந்து பூச்சியைக் கொல்லும் மருந்து. அது பட்ட பூனை புழுத் தட்டின் மேல் நடந்தால் புழு துடித்துச் சாகும், ஒரு பேட்சே போகும். மறுபக்கம், மனையில் தூவும் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் பூனையின் பாதத்தில் ஒட்டும், அது நக்கும், வாய் வெந்துபோகும். புழுவைத் தாக்கும் ஊசி ஈ வராமல் கட்டியிருக்கும் வலையைப் பூனை பிறாண்டிக் கிழிப்பது வேறு. மனைக்கு வெளியே, மல்பெரித் தோட்டத்து ஓரத்தில் அது காவல் இருக்கட்டும். தெள்ளுப்பூச்சி மருந்து வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை: நாய்க்கு என்று எழுதியிருப்பதைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும். பாராசிட்டமால் பாதி மாத்திரையும் கொல்லும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, கழியும். தயிர் சோறும் களியும் வயிற்றை நிரப்பும், உடம்பைக் காக்காது. பூனை கறி தின்றே வாழப் பிறந்தது. டாரின் என்ற சத்து இறைச்சியில்தான் இருக்கிறது, அது குறைந்தால் கண் பார்வையும் இதயமும் கெடும். நாய்த் தீனியில் அது போதாது. வேகவைத்த முட்டை, கோழிக்கறிக் கழிவில் இதயம், கொஞ்சம் ஈரல், உப்பில்லாமல் வேகவைத்த மீன், இவற்றோடு பூனைக்கென்றே விற்கும் தீனி கொஞ்சம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு வேண்டாம். ஒரு கிண்ணம் தண்ணீர் எப்போதும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்ப உள்ள விட முடியாது, தொரத்தவும் மனசில்ல, என்னதான்ணா பண்றது?" என்றார். உள்ளே விடுவது, இல்லாவிட்டால் துரத்துவது என இரண்டே வழிதான் என்று நினைப்பதால் வரும் தவிப்பு இது. இஸ்தான்புல் நகரத்தில் ஆயிரக்கணக்கான பூனைகள் யாருக்கும் சொந்தமில்லாமல், தெருவுக்கே சொந்தமாக வாழ்கின்றன; கடைக்காரர் சோறு வைப்பார், இன்னொருவர் மருத்துவம் பார்ப்பார். 2016இல் வந்த 'கெடி' என்ற ஆவணப்படம் முழுக்க அந்தப் பூனைகளைப் பற்றியதுதான். நம் திண்ணையும் அதற்காகவே கட்டிய மாதிரி இருக்கிறது. மழை படாத மூலையில் ஒரு மரப்பெட்டி, அதில் பழைய புடவை, வேளாவேளைக்குத் தட்டு, ஆபரேஷன், ஊசி. மாமியாருக்கு மூச்சுத் தொல்லையில்லை, தொட்டிலுக்குப் பக்கத்தில் வராது, பூனைக்கும் ஒரு வீடு. தருமபுரி போன்ற ஊருக்கு இதுதான் மிகச் சரியான ஏற்பாடு என்று நான் நம்புகிறேன். வாகனம் பறக்கும் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடாக இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் இருப்பார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் வேண்டாம் என்பதை நேராகச் செய்ய வேண்டும். வளர்க்க விரும்பும் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள்; கொடுக்கும் முன் ஆபரேஷன் முடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கோணிப்பையில் கட்டி ஏரிக்கரையிலோ சந்தை மேட்டிலோ விட்டுவருவது நம்மிடம் பழகிப்போன வழி. சோறு தேடத் தெரியாத இடத்தில், வேறு பூனைகளின் எல்லையில் விடப்பட்ட பூனை பெரும்பாலும் பட்டினியிலோ நாய் வாயிலோ முடியும். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து வருஷம்வரை சிறை கிடைக்கக்கூடியது.

கிளம்பும்போது தங்கச்சி அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். "அதுக்கு முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல தட்டு வெக்காதீங்கம்மா, மயக்க ஊசி போடும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாய்ல போயிடும். தண்ணி மட்டும் விடியற வரைக்கும் இருக்கட்டும். கூட்டிட்டு வந்ததும் அன்னிக்கு வெளிய விடாதீங்க, மயக்கம் முழுசாத் தெளியணும். உங்க ஸ்டோர் ரூம்ல பத்து நாள் வெச்சுத் தையலைத் தினமும் பாருங்க, சிவந்தோ வீங்கியோ இருந்தா எனக்குச் சொல்லுங்க, நான் வந்து பாக்கறேன்" என்றேன்.